1942 ஏப்ரல்: இலங்கைக் கடலுக்கு ஜப்பானின் விமானந்தாங்கிகள் வந்த பத்து நாட்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது எந்தச் சம்பவம்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

1942 மார்ச் கடைசியில் ஜப்பானியக் கடற்படையின் மிக வலுவான அணி இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தது. ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், 9 அன்று திருகோணமலையையும் அதன் விமானங்கள் தாக்கின. இடையில் இரண்டு பிரிட்டிஷ் குரூசர்களும் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்கள்), மட்டக்களப்புக்கு அருகே ஹெர்மஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கின. அதே நாட்களில் இன்னொரு ஜப்பானிய அணி வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. அப்புறம் ஜப்பானியர்கள் திரும்பிப் போய்விட்டார்கள். அந்த அளவு பலத்தோடு இந்தப் பக்கம் மறுபடி வரவே இல்லை.

இலங்கையைப் பிடிக்கத்தான் வந்தார்களா?

இல்லை. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அன்றைக்குக் கொழும்பிலும் சென்னையிலும் இருந்தவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். ஆனால் அந்த அணியோடு தரையிறங்குவதற்கான படை எதுவும் வரவில்லை. இலங்கையைப் பிடிக்கலாம் என்ற யோசனை ஜப்பானியக் கடற்படையில் சிலருக்கு இருந்தது. சீனாவிலும் பர்மாவிலும் மாட்டிக்கொண்டிருந்த தரைப்படை அதற்கு ஆள் தரத் தயாராக இல்லை.

அவர்கள் வந்த காரணம் வேறு. 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தது, மார்ச் 8-ல் ரங்கூன், மார்ச் 23-ல் அந்தமான். பர்மாவில் இருக்கும் படைக்குக் கடல் வழியாக ஆளும் பொருளும் அனுப்ப வேண்டும். அந்த வழியை மறிக்கக்கூடிய ஒரே சக்தி இலங்கையை மையமாக வைத்திருந்த பிரிட்டனின் கிழக்குக் கடற்படை. அதைத் துறைமுகத்திலேயே வைத்து அழித்துவிட்டால் மேற்குப் பக்கம் கவலையில்லை. பேர்ல் ஹார்பரில் செய்ததையே இங்கேயும் செய்து பார்க்க வந்தார்கள் என்று சொன்னால் தவறில்லை. தளபதி அதே நகுமோ. விமானங்களை முன்னின்று நடத்தியவரும் அதே ஃபுச்சிடா. தேர்ந்தெடுத்த நாள்கூட அதே போல ஒரு ஞாயிற்றுக்கிழமை.

பிரிட்டனுக்கும் இலங்கை லேசில் விடக்கூடிய இடமல்ல. மலாயா போனபின் நேச நாடுகளுக்குக் கிடைத்த இயற்கை ரப்பரில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போனது. பாரசீக வளைகுடா எண்ணெயும், எகிப்துக்குப் போகும் படைகளும் இந்தக் கடல் வழியைத்தான் நம்பியிருந்தன.

இரு தரப்பிலும் எத்தனை கப்பல்கள்?

தாளில் பார்த்தால் பிரிட்டன் இளைத்ததாகத் தெரியாது. அட்மிரல் ஜேம்ஸ் சாமர்வில் கையில் ஐந்து பெரும் போர்க்கப்பல்கள் இருந்தன: வார்ஸ்பைட், ரெசல்யூஷன், ராமிலிஸ், ராயல் சாவரின், ரிவெஞ்ச். விமானந்தாங்கிகள் மூன்று: இண்டோமிட்டபிள், ஃபார்மிடபிள், சிறியதும் பழையதுமான ஹெர்மஸ். இவை போகக் குரூசர்களும், நாசகாரிகள் எனப்படும் சிறிய வேகமான போர்க்கப்பல்களும்.

நகுமோவிடம் ஐந்து விமானந்தாங்கிகள்: அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு. ஆறாவதான காகா பாறையில் உரசிப் பழுதாகி ஜப்பானுக்குத் திரும்பியிருந்தது. துணைக்குக் கொங்கோ வகையைச் சேர்ந்த நான்கு பெரும் போர்க்கப்பல்கள். இதில் ஒரு வேடிக்கை: அந்த வகையின் முதல் கப்பலான கொங்கோவை ஜப்பானுக்குக் கட்டிக்கொடுத்ததே இங்கிலாந்தின் பாரோ நகரத்திலிருந்த விக்கர்ஸ் கப்பல் தளம்தான். 1913-ல் கட்டி முடித்தார்கள்.

போர்க்கப்பல் எண்ணிக்கையில் பிரிட்டன்தானே முன்னால் நின்றது, பிறகு ஏன் பின்வாங்கினார்கள்?

ஐந்துமே முதல் உலகப்போர்க் காலத்தில் கட்டியவை. ரிவெஞ்சும் வார்ஸ்பைட்டும் 1916-ல் ஜட்லாந்து சண்டையில் கலந்துகொண்ட கப்பல்கள். வார்ஸ்பைட்டை நடுவில் பெரிதாகப் புதுப்பித்திருந்தார்கள். மற்ற நான்கும் 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தைத் தாண்டவே திணறின. ஜப்பானியக் கப்பல்கள் 30 நாட் வேகத்தை எட்டக்கூடியவை. போதாததற்கு அந்தப் பழைய கப்பல்களில் நன்னீர் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆழ்கடலில் நான்கு நாள் நின்றால் திரும்பி ஓட வேண்டிய நிலை.

ஆனால் உண்மையான இடைவெளி விமானத்தில்தான் இருந்தது. ஜப்பான் தரப்பில் ஏறக்குறைய 300 விமானங்கள். சாமர்வில்லின் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளையும் சேர்த்தால் நூறுகூடத் தேறாது. அதிலும் டார்பிடோ போடும் ஆல்பகோர், இரட்டைச் சிறகு கொண்ட மெதுவான விமானம். பகலில் ஜீரோ சண்டை விமானத்தின் முன்னால் போனால் திரும்பி வராது.

பகல் வெளிச்சத்தில் விமானங்களுக்கு எதிரில் பெரும் போர்க்கப்பலின் கதி என்ன என்பது 1941 டிசம்பர் 10-ல் மலாயாவின் குவாந்தான் கடலிலேயே தெரிந்துவிட்டது. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் இரண்டும் அன்று சில மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தன. சாமர்வில் அதை மறக்கவில்லை. அவரைக் கோழை என்று எழுதுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தாக்குதல் வரப்போவது முன்பே தெரியும் என்கிறார்களே?

தெரியும். ஜப்பானியச் செய்திகளை ஒட்டுக்கேட்டு, ஏப்ரல் 1 வாக்கில் இலங்கை மீது விமானத் தாக்குதல் வரும் என்று கணித்திருந்தார்கள். சாமர்வில் மார்ச் 31 முதல் இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். ஒன்றாம் தேதி போனது, இரண்டாம் தேதியும் போனது, யாரும் வரவில்லை. தண்ணீரும் எரிபொருளும் குறைந்தன. உளவுத் தகவல் தப்பு என்று முடிவு செய்து அணியை மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு பவளத்தீவுக்குக் கொண்டுபோனார்.

தகவல் தப்பில்லை, நாள்தான் தப்பு. அவர் பின்வாங்கிய பிறகு ஜப்பானியர்கள் வந்தார்கள்.

இங்கே அட்டுவைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கைக்குத் தென்மேற்கே 600 மைல் தள்ளி பிரிட்டன் ரகசியமாக அமைத்த கடற்படைத் தளம் அது. ஜப்பானுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கிழக்குக் கடற்படை கொழும்பிலோ திருகோணமலையிலோதான் இருக்கும் என்று நம்பி வந்தார்கள். அட்டுவை அறிந்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும்.

பிர்ச்சல் என்ற விமானி 'இலங்கையைக் காப்பாற்றினார்' என்பது உண்மையா?

பாதி உண்மை. லெனார்ட் பிர்ச்சல் கனடா விமானப்படையின் 413-வது அணியைச் சேர்ந்தவர். ஸ்காட்லாந்தின் வடகோடியிலிருந்து வந்து காலிக்கு அருகே கொக்கலையில் இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஏப்ரல் 4 அன்று கேட்டலினா என்ற கடல் விமானத்தில் ரோந்து போனார். மாலை நேரம், திரும்பும் வேளையில் தெற்கே தொடுவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போய்ப் பார்த்தால் முழு ஜப்பானிய அணி. செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜீரோக்கள் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். பிர்ச்சல் உட்பட ஆறு பேர் போர் முடியும்வரை கைதிகளாக இருந்தார்கள்.

அந்தச் செய்தியால் கிடைத்தது ஓர் இரவு. அந்த இரவில் கொழும்புத் துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்களை வெளியேற்றிவிட்டார்கள். அது பெரிய காரியம்தான். ஆனால் தரையிறங்க யாரும் வராதபோது 'இலங்கையைக் காப்பாற்றினார்' என்பது கொஞ்சம் அதிகம். கப்பல்களைக் காப்பாற்றினார் என்றால் சரி. அதோடு, அவர் கொடுத்த எச்சரிக்கையை மறுநாள் காலை கொழும்பு எப்படி வீணாக்கியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் என்ன நடந்தது?

காலை ஏழரை மணியைத் தாண்டியதும் சுமார் 125 விமானங்கள் வந்தன. எதிரி வருகிறான் என்று முந்தைய நாளே தெரியும். ரேடாரும் இருந்தது. இருந்தும் எச்சரிக்கை வரவில்லை. இரத்மலானையில் நின்ற ஹரிக்கேன் விமானிகள் தலைக்கு மேல் எதிரியைப் பார்த்த பிறகுதான் ஓடிப்போய் ஏறினார்கள். கீழிருந்து மேலே ஏறும் விமானத்துக்கு மேலிருந்து இறங்கும் விமானத்தோடு சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்ல வேண்டியதில்லை. திருகோணமலைப் பக்கமிருந்து டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு வந்த ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் சரியாக அந்த நேரத்தில் கொழும்பை நெருங்கின. ஆறும் வீழ்ந்தன.

நல்லவேளையாகக் கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலை ரகசிய விமானத்தளமாக மாற்றி வைத்திருந்தார்கள். அதை ஜப்பானியர் அறியவில்லை. அங்கிருந்த ஹரிக்கேன்கள் தொல்லையில்லாமல் மேலேறிச் சண்டை போட்டன, இழப்பும் பட்டன.

துறைமுகத்தில் டெனிடோஸ் என்ற நாசகாரியும், பீரங்கி பொருத்திப் போருக்கு மாற்றிய வணிகக் கப்பலான ஹெக்டரும் மூழ்கின. அங்கொடை மனநல மருத்துவமனை மீதும் தவறுதலாகக் குண்டு விழுந்தது. எதிரி விமானங்கள் இருபதுக்கு மேல் வீழ்ந்ததாக பிரிட்டிஷ் தரப்பு அறிவித்தது. ஜப்பான் இழந்தது உண்மையில் ஏழு. போர்க்கால அறிவிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு நான் எப்போதும் காட்டும் உதாரணம் இது.

தாக்குதலுக்குப் பின் கொழும்பிலிருந்து மக்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். துறைமுகத் தொழிலாளர்களும் போய்விட்டதால் சரக்கு இறக்க ஆளில்லாமல் தவித்தார்கள்.

அன்றே இரண்டு குரூசர்கள் மூழ்கியது எப்படி?

டார்செட்ஷயர், கார்ன்வால் இரண்டும் கொழும்பிலிருந்து இரவோடு இரவாகக் கிளம்பி, சாமர்வில்லோடு சேர்ந்துகொள்ளத் தெற்கே போய்க்கொண்டிருந்தன. மதியம் ஒரு ஜப்பானியத் தேடல் விமானம் பார்த்துவிட்டது. 53 குண்டுவீச்சு விமானங்கள் சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, செங்குத்தாகப் பாய்ந்தன. அரை மணிக்குள் இரண்டு கப்பல்களும் இல்லை. எறிந்த குண்டுகளில் மிகப் பெரும்பங்கு இலக்கில் விழுந்தது. உலகில் வேறெந்தக் கடற்படையின் விமானிகளும் அந்த நாளில் இதைச் செய்திருக்க முடியாது.

பிஸ்மார்க் என்ற ஜெர்மன் பெருங்கப்பலுக்கு 1941 மே மாதம் கடைசி டார்பிடோக்களைப் போட்டது இதே டார்செட்ஷயர்தான்.

424 பேர் இறந்தனர். 1,122 பேர் மறுநாள் மாலை வரை, ஏறக்குறைய 30 மணி நேரம், எண்ணெய் படிந்த கடலில் மிதந்து பிழைத்தார்கள். சுற்றிலும் சுறாக்கள், மேலே ஏப்ரல் வெயில்.

சாமர்வில் ஒருமுறைகூட எதிர்த்துத் தாக்க முயலவில்லையா?

முயன்றார். இந்தப் பத்து நாட்களில் எனக்கு மிகவும் சுவாரசியமாகத் தோன்றும் பகுதியே இதுதான்.

அவருடைய ஆல்பகோர்கள் மெதுவானவை, ஆனால் அவற்றில் ரேடார் இருந்தது. இருட்டில் கப்பலைத் தேடிக் கண்டுபிடித்து டார்பிடோ போட முடியும். ஜப்பானிய விமானிகளுக்கு அந்த வசதி இல்லை, கப்பல்களிலும் அப்போது ரேடார் கிடையாது. ஆகவே அவருடைய திட்டம்: பகலில் ஒதுங்கியே இருப்பது, பொழுது சாயும்போது நெருங்குவது, இரவில் அடிப்பது, விடிவதற்குள் தூரப் போய்விடுவது.

ஏப்ரல் 5 மாலையில் இரண்டு அணிகளுக்கும் இடையே நூறு மைல் அளவுக்குத்தான் இடைவெளி. நடுக்கடலில் அது பக்கத்துத் தெரு. ஆனால் எதிரி எந்தத் திசையில் போகிறான் என்று வந்த தகவல் அரைகுறையாக இருந்தது, அவர் தவறான பக்கம் தேடினார். ஜப்பானியரும் அவரைப் பார்க்கவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் தேடும் கண்ணாமூச்சி அடுத்த இரண்டு நாளும் தொடர்ந்தது. அந்த இரவில் அவர் சரியாகத் தேடியிருந்தால் பசிபிக்கில் ஜப்பான் பெரிதாகத் தோற்ற மிட்வே சண்டைக்கு இரண்டு மாதம் முன்பே நகுமோவுக்கு அடி விழுந்திருக்கலாம். அதே மாதிரி, பகலில் ஒரு மணி நேரம் முன்னால் ஒரு ஜப்பானியத் தேடல் விமானம் கொஞ்சம் கூடுதலாகப் பறந்திருந்தால் இண்டோமிட்டபிளும் ஃபார்மிடபிளும் கடலடியில் கிடந்திருக்கும். இரண்டில் பின்னதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் கணிப்பு.

சென்னையைக் காலி செய்தார்களே, அது இதனாலா?

ஆமாம். ஏப்ரல் 6 அன்று ஒசாவா தலைமையிலான ஜப்பானிய அணியின் சிறிய விமானந்தாங்கி ர்யூஜோவிலிருந்து வந்த விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அந்த அணியின் குரூசர்கள் வங்காள விரிகுடாவில் 20-க்கும் மேற்பட்ட வணிகக் கப்பல்களை, ஒரு லட்சம் டன்னுக்கு மேல், மூழ்கடித்தன. அடுத்து சென்னைதான் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் அரசு, அவசியமில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போகலாம் என்றது. அலுவலகங்கள் உள்மாவட்டங்களுக்கு இடம்பெயர்ந்தன. வீடுகளைப் பூட்டிக்கொண்டு பாதி நகரம் சொந்த ஊருக்கு ரயிலேறியது. சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த உயிரியல் பூங்காவில், குண்டு விழுந்து தப்பித்துவிடக்கூடாது என்று புலி, சிங்கம் போன்ற விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். சென்னையை நோக்கி அந்த ஏப்ரலில் எந்தக் கப்பலும் வரவில்லை.

திருகோணமலை எண்ணெய்த் தொட்டியில் ஜப்பானிய விமானம் வேண்டுமென்றே மோதியதா?

ஏப்ரல் 9 காலை சுமார் 130 விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. இம்முறை ரேடார் ஒழுங்காக வேலை செய்தது, அங்கே சீனன்குடா விமானத்தளத்தில் இருந்த ஹரிக்கேன்கள் முன்கூட்டியே மேலே போயின. துறைமுகத்தையும் முந்தைய இரவே காலி செய்திருந்தார்கள். இருந்தும் விமானத்தளமும் கிடங்குகளும் பலத்த சேதமடைந்தன. சகைங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது.

ஒரு ஜப்பானிய விமானம் எண்ணெய்த் தொட்டி ஒன்றில் போய் விழுந்தது, தொட்டி பல நாள் எரிந்தது. இதைத் தற்கொலைத் தாக்குதல் என்று ஊரில் சொல்வார்கள். அடிபட்ட விமானம் கட்டுப்பாடு இழந்து விழுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. காமிகாசே என்ற திட்டமிட்ட முறை வந்தது 1944 அக்டோபரில்தான் என்பதால் அந்தச் சொல்லை இங்கே போடுவது பொருந்தாது. இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும் 99 தொட்டிகள், இதே தொகுதியில் மிஞ்சியவைதான்.

ஹெர்மஸ் விமானந்தாங்கிதானே, ஏன் ஒரு விமானம்கூட இல்லாமல் மாட்டிக்கொண்டது?

மடகாஸ்கரில் நடக்கவிருந்த நடவடிக்கைக்காக அதைத் தயார்செய்து கொண்டிருந்தார்கள். அதன் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள் சீனன்குடாவில் தரையில் இருந்தன. 8-ஆம் தேதி இரவு அவசரமாகக் கிளம்பச் சொன்னதால் விமானங்களை ஏற்ற நேரமில்லை. வேம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரி மட்டும் துணைக்கு. கரையை ஒட்டித் தெற்கே போய், காலையில் திருகோணமலைக்குத் திரும்பும் வழியில், ஹருனா போர்க்கப்பலின் தேடல் விமானம் பார்த்துவிட்டது.

உதவிக்குச் சண்டை விமானங்கள் கேட்ட செய்தி நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. பத்தரை மணி அளவில் எண்பதுக்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. சுமார் 40 குண்டுகள் விழுந்தன, இருபது நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. கேப்டன் ஆன்ஸ்லோவோடு 300-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தனர். வேம்பயரும் மூழ்கியது. கொஞ்ச தூரத்தில் வந்த வீட்டா என்ற மருத்துவக் கப்பலை ஜப்பானியர் தாக்கவில்லை. அது சுமார் 600 பேரை நீரிலிருந்து தூக்கியது. கரையும் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான், சிலர் நீந்தியே கரை சேர்ந்தார்கள்.

ஆரம்பத்திலிருந்தே விமானந்தாங்கியாகத் திட்டமிட்டு உலகில் முதலில் கட்டத் தொடங்கிய கப்பல் ஹெர்மஸ். ஆனால் பிரிட்டன் மெதுவாகக் கட்டியது. 1922-லேயே ஜப்பான் ஹோஷோவை முடித்துவிட்டது, ஹெர்மஸ் வேலைக்கு வந்தது 1924-ல்.

ஜப்பானியக் கப்பல்களை யாருமே தாக்கவில்லையா?

ஒரே ஒருமுறை. 9-ஆம் தேதி காலை கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலிலிருந்து பிளென்ஹைம் என்ற பிரிட்டிஷ் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது போயின. அகாகிக்கு மிக அருகில் குண்டுகள் விழும்வரை அவை வந்ததே ஜப்பானியருக்குத் தெரியாது. குண்டு எதுவும் படவில்லை. ஒன்பதில் நான்குதான் திரும்பின. நகுமோவின் விமானந்தாங்கிகள் மீது போரில் குண்டு போட்டது அதுவே முதல் தடவை.

நகுமோ இதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. 5-ஆம் தேதி கொழும்புத் தாக்குதலின்போதும், கையில் வைத்திருந்த விமானங்களுக்கு டார்பிடோ போடுவதா குண்டு போடுவதா என்று மாற்றி மாற்றி உத்தரவிட்டுக் குழம்பினார். தலைக்கு மேல் வரும்வரை எதிரியைப் பார்க்காதது, தப்பான நேரத்தில் ஆயுதம் மாற்றியது: இரண்டும் ஜூன் 4-ல் மிட்வேயில் சேர்ந்தே வந்தன.

மொத்தத்தில் ஜெயித்தது யார்?

சண்டைகளைத் தனித்தனியாக எண்ணினால் ஜப்பான். இருபது சொச்சம் விமானங்களைக் கொடுத்து ஒரு விமானந்தாங்கி, இரண்டு குரூசர்கள், இரண்டு நாசகாரிகள், ஏராளமான வணிகக் கப்பல்களை எடுத்துக்கொண்டது. தன் தரப்பில் ஒரு கப்பல்கூடப் போகவில்லை. பிரிட்டிஷ் கடற்படை ஆப்பிரிக்கக் கரையிலுள்ள கிலிண்டினிக்கு ஒதுங்கியது.

ஆனால் எதை அழிக்க வந்தார்களோ அதைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை. ஐந்து பெரும் போர்க்கப்பல்களும் இரண்டு பெரிய விமானந்தாங்கிகளும் அப்படியே தப்பின. மே மாதம் அதே கப்பல்களில் சில மடகாஸ்கரைத் தாக்கப் போயின. தன் மிகச் சிறந்த அணியை ஏறக்குறைய ஒரு மாதம் இந்தப் பக்கம் ஓடவிட்டதுதான் ஜப்பானுக்கு நேர்ந்த நஷ்டம். பசிபிக்கில் அமெரிக்கா மூச்சுவாங்கிக்கொண்டது.

அந்த ஐந்து விமானந்தாங்கிகளும் பிறகு என்ன ஆயின?

அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் 1942 ஜூனில் மிட்வேயில் மூழ்கின. ஷோகாகு 1944 ஜூனில் பிலிப்பைன்ஸ் கடலில். சுய்காகு அதே ஆண்டு அக்டோபரில் லெய்ட்டே சண்டையில். நகுமோ 1944 ஜூலையில் சைபன் தீவில் தற்கொலை செய்துகொண்டார்.

அதே 1944 ஏப்ரலில் திருகோணமலையிலிருந்து ஒரு கூட்டு அணி கிளம்பியது. பிரிட்டனின் இல்லஸ்ட்ரியஸும் அமெரிக்காவின் சாரடோகாவும் சுமத்ராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கின. இம்முறை துறைமுகத்தில் ஆயத்தமில்லாமல் மாட்டிக்கொண்டவர்கள் ஜப்பானியர்கள்.

இன்று போய்ப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஹெர்மஸ் மட்டக்களப்புக் கரையிலிருந்து சில மைல் தொலைவில், 50 மீட்டருக்கும் அதிக ஆழத்தில் கிடக்கிறது. கல்லடியிலிருந்து படகில் போகிறார்கள். சாதாரண ஸ்கூபா பயிற்சி மட்டும் உள்ளவர்களுக்கான ஆழம் அல்ல அது, தனிப் பயிற்சி வேண்டும். அன்றே மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் அதைவிட மேலே கிடப்பதால் பலர் அதற்குத்தான் போகிறார்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும். திருகோணமலையிலிருந்து நிலாவெளி போகும் சாலையில் போர்க் கல்லறை இருக்கிறது. துறைமுகத்தில் கிடந்த சகைங்கை மட்டும் இப்போது தேட வேண்டாம், இலங்கைக் கடற்படை அதை 2018-ல் மிதக்கவைத்து வெளியே கொண்டுபோய்விட்டது.